ஆளில்லாத அறை

தலைக்குச் சாயம் பூசிக்கிட்டா முதுகைச் சாய்க்கவும் முடியாது, படுக்கவும் முடியாது, ஒரு வேலையில கை வைக்கவும் முடியாது, காயற வரைக்கும் பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கணும், அதனாலதான் தம்பி பாட்டைப் போட்டேன், மத்தபடி அதுக்கு என்கிட்ட ஒரு மரியாதையும் கிடையாது. பிளாஸ்டிக் சேர் மேல பழைய பேப்பர், கிழிஞ்ச நைட்டி, கழுத்தைச் சுத்தி துண்டு, தலை பூரா கரும்பசை, நெத்தி ஓரம் கறை பிடிக்காம இருக்க தேங்காய் எண்ணெய். நாளைக்கு கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க் ரிட்டயர் ஆகுறார், டைப்பிஸ்ட்டுங்க எல்லாரையும் நிக்க வெச்சு போட்டோ எடுப்பாங்க, அதுக்குத்தான் இந்த அலங்காரம். புருஷன் போனவளுக்கு மை என்ன வேண்டிக்கிடக்குன்னு கீழ் வீட்டு பத்மாசனி பார்ப்பா. பார்க்கட்டும், கண்ணு அவளுது. போனை டீவி மேல சாய்ச்சு நிறுத்தி சத்தத்தை முழுசா ஏத்தியாச்சு. என் தம்பி பண்ணின ஆல்பம். ராக் ஆல்பம். ஒன்பது பாட்டு, பேரு 'ஆளில்லாத அறை'. இந்த வருஷம் வந்ததுல தலைசிறந்த பத்துல ஒண்ணுன்னு பம்பாய்ல ஒருத்தன் எழுதிட்டான், உடனே டெல்லியில ஒருத்தன் எழுதிட்டான், அப்புறம் இங்க இருக்கிறவனுங்களுக்கும் காது கேட்க ஆரம்பிச்சுடுச்சு. தம்பி பேரு ஏகாம்பரம், எங்க தாத்தா பேரு, காஞ்சிபுரத்துல அத்தை மடியில போட்டுக் காதுல மூணு தடவை சொன்ன பேரு. இப்ப வெறும் ஏகா. ஒற்றை மனுஷன்னு அர்த்தம் வர்ற பேரைத் தனக்குத் தானே சூட்டிக்கிட்ட கலைஞனாம். தானே சூட்டிக்கிட்டானாம். மூக்கைச் சிந்தக்கூட இன்னொருத்தர் துண்டு வேணும் அவனுக்கு.

முதல் பாட்டு கிதாரோட ஆரம்பிக்குது. ட்டொய்ங். அப்புறம் ஒண்ணுமில்ல. திரும்ப ட்டொய்ங். இதுக்கு எதுக்குடா இவ்வளவு காத்திருக்கணும், அடுத்ததை அடிச்சுத் தொலையேன். இவன் கிதார் வாங்கின புதுசுல அப்பா சொல்வார், கல்யாண வீட்டுல பந்தல்காரன் கயிறு இழுத்துப் பார்க்கிற மாதிரி இருக்குன்னு. அப்பா போயிட்டார், அவர் இருந்திருந்தா இந்தப் பத்திரிகைக்காரனுங்களுக்குப் பதில் சொல்லியிருப்பார். பின்னாடி ரயில் சத்தம் கேட்குது. எங்க ரயில்தான், வில்லிவாக்கத்துல நிக்காம போற எக்ஸ்பிரஸ், இந்த ஜன்னல் கண்ணாடியே அதிரும். அந்த ரயிலைப் பத்தி மட்டும் ஒருத்தி ஒரு பாரா எழுதியிருக்கா, ஆளில்லாத அறைக்குள்ள நகரம் மூச்சு விட்டுட்டுப் போகுதாம். அம்மாடி, அது மூச்சு இல்ல, ரயிலு. அவனும் அதைக் கீழ விழாம பிடிச்சு வெச்சிருக்கான். ரயிலை வெச்சிருக்கான், காக்காயை வெச்சிருக்கான், ரெண்டாவது பாட்டு ஆரம்பத்துல பத்மாசனி கிரைண்டர்கூட வருது, அவளுக்குத் தெரிஞ்சா பங்கு கேட்பா. பிடிச்சதை எல்லாம் வெச்சுக்கிட்டான். இவரை மட்டும் எடுத்துட்டான்.

இவர்னா என் வீட்டுக்காரர். போய் எட்டு மாசம் ஆச்சு. நுரையீரல் ரெண்டும் தேங்கா நார் மாதிரி இறுகிப் போச்சுன்னார் டாக்டர், கடைசி ஒண்ணரை வருஷம் மூக்குல குழாயோடதான் இருந்தார், கட்டிலோரத்துல ஒரு மெஷின், வாடகைக்கு எடுத்தது, காத்தை உறிஞ்சி ஆக்சிஜனாப் பிரிச்சுக் குடுக்கிறது, சின்ன பீரோ உயரம், அடியில சக்கரம். ராவும் பகலும் ங்ங்ன்னு ஒரு ரீங்காரம், நடுநடுவுல புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு, உடனே ஒரு டக்கு. புஸ், டக். அது நின்னா இவர் இல்ல. அந்த ஒண்ணரை வருஷத்துல ஒரு வருஷத்துக்கு மேல பக்கத்து ரூம்ல உட்கார்ந்துதான் ஐயா இந்த ஆல்பத்தைப் பண்ணினார், தனிமையில, ஆளில்லாத அறையில. நடுவுல ஒரு சுவர்தான். இப்ப ரெண்டாவது ஆல்பம் பண்ணணும், அந்த ரூம் திரும்ப வேணுமாம், யோசிச்சு வை அக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன் பண்றேன்னான். யோசிச்சு வெச்சுட்டேன். இந்தக் கருமத்தை ஒரு தடவை முழுசாக் கேட்கிறது. எங்கயாவது இவரோட ஒரு இருமல், அந்த மெஷினோட ஒரு புஸ், ஒரே ஒரு புஸ், ஏதோ ஒரு பாட்டோட இடுக்குல தப்பிச்சு இருந்துச்சுன்னா ரூமைக் குடுத்துடறது. இல்லேன்னா கதவைப் பூட்டி சாவியை நான் வெச்சுக்கறது. சத்தியம் பண்ணிக்கல, ஆனா பண்ணின மாதிரிதான். மெஷினைத்தான் காரியம் முடியறதுக்குள்ள வாடகைக்காரங்க வந்து தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்களே. போட்டோ இருக்கு, வீடியோ இருக்கு, அதுல எல்லாம் சட்டையை இன் பண்ணிக்கிட்டு வேற யாரோ மாதிரி நிக்கிறார். கடைசியா என்கூட இருந்த ஆளு அது இல்ல.

ரெண்டாவது பாட்டுல பாட ஆரம்பிச்சுட்டான். என் சுவர்களுக்குக் காதில்லை, என் கதவுக்குக் கையில்லை. எந்த ஊர்ல கதவுக்குக் கை இருக்குடா. கோர்ட்டுல முப்பது வருஷமா சாட்சி சொல்றதை டைப் அடிக்கிறேன், குடிச்சுட்டு வந்து கூண்டுல ஏறினவன்கூட இதைவிடக் கோர்வையாப் பேசுவான். சுவருக்குக் காதில்லையாம். என் வீட்டுச் சுவருக்கு இருந்த காது யாருக்கு இருந்துச்சு. கதவுல சிவப்புத் துண்டைத் தொங்க விட்டுட்டான்னா பதிவு நடக்குதுன்னு அர்த்தம், அப்ப மிக்ஸி போடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, பாத்ரூம்ல தண்ணி ஊத்தக் கூடாது. ஒரு வருஷம் சட்னியே இல்ல இந்த வீட்டுல, பொடிதான், இவர் பாவம் பொடி இருமல் கிளப்பும்னு தயிர்ல குழைச்சுக் குடுப்பேன். சோறு திறந்த பாத்திரத்துல வடிச்சேன். சித்திரை மாசம் விசிறி மட்டையை வெச்சுக்கிட்டு இவருக்கு வீசிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், அதையும் மெதுவா வீசணும், சேலை சத்தம் கேட்குதாம். கேசட் அட்டை மாதிரி ஒண்ணு போன்ல வருது, அதுல போட்டிருக்கான், கிதார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், குரல், பதிவு, எல்லாம்: ஏகா. எல்லாம்னா எதெல்லாம். ரசமுமா. தொண்டை கட்டிக்கிச்சுன்னு வாரத்துக்கு நாலு நாள் மிளகு ரசம் வெச்சது யாரு, ஏகாவா.

கழுத்துக்குப் பின்னாடி ஒரு சொட்டு இறங்குது. துண்டால ஒத்திக்கிட்டேன். மூணாவது பாட்டும் இதே மாதிரிதான், ஒரு வரி பாடுறான், நிறுத்துறான், என்னமோ வரப் போற மாதிரி நிக்கிறான், அப்புறம் அடுத்த வரி. சந்நிதி திறக்கக் காத்திருக்கிற மாதிரி. இதைத்தான் டெல்லிக்காரன் தனிமையோட கட்டடக் கலைன்னு எழுதியிருக்கான். கட்டடக் கலையாம், எங்க பாத்ரூம் ஓதத்தை வந்து பாரு ராசா. இவனுங்க எழுதறதை எல்லாம் தம்பி ஒண்ணு விடாம குடும்ப குரூப்ல போடுவான், சித்தப்பா பொண்ணுங்க கை தட்டற பொம்மையா போடும், ஒண்ணுகூட ஒரு பாட்டை முழுசாக் கேட்டிருக்காது. நானே இன்னைக்குத்தான் கேட்கிறேன். இவர் கேட்டார். சுவர் வழியாக் கேட்டார். பிடிச்சிருந்துச்சு அவருக்கு, அதுதான் எனக்கு ஆத்திரம். கட்டில் கம்பியில விரலால தட்டிக்கிட்டே இருப்பார். நல்லா வருது சுலோ, பையனை ஒண்ணும் சொல்லாதேன்னுவார். பேசினா மூச்சு வாங்கும், அந்த மூச்சை இவனுக்குச் செலவு பண்ணுவார். இருமல் வந்தா தலகாணியை எடுத்து வாயில வெச்சுக்குவார். நான் போய் ஏகாம்பரத்துக்கிட்ட கத்தினேன், ஏண்டா உனக்குக் கண்ணு இல்லையான்னு. நான் மாமாவை இருமாதீங்கன்னு சொல்லவே இல்லியேக்கா, அவரா பண்றார்னான். அது உண்மைதான். இவன் எதையும் கேட்க மாட்டான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பான், மத்தவங்க தானா செஞ்சுடுவாங்க. சின்ன வயசுலருந்து அதான் வித்தை.

ஒரே ஒரு தடவை கேட்டான். அன்னைக்கு மைக்கைத் தூக்கிக்கிட்டு எங்க ரூமுக்குள்ளயே வந்துட்டான். இந்த மெஷின் சத்தம் எல்லாப் பாட்டுலயும் அடியில விழுந்திருக்கு மாமா, இதை மட்டும் தனியாக் கொஞ்சம் பதிவு பண்ணிக்கிட்டு இதுதான் குப்பைன்னு கம்ப்யூட்டருக்குக் காட்டிட்டா, அதுவே தேடித் தேடித் துடைச்சுடும்னான். இவருக்கு ஒரே ஆச்சரியம், அப்படியாப்பா, என்னென்ன கண்டுபிடிச்சிருக்காங்கன்னு எழுந்து உட்கார்ந்துக்கிட்டார். சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கிட்டார், போட்டோ எடுக்க வந்த மாதிரி. நானும் இருமணுமா, என் சத்தமும் வேணுமான்னு கேட்டார். வேணாம் மாமா, மெஷின் மட்டும் போதும், நீங்க கொஞ்சம் மூச்சை அடக்கிக்குங்கன்னான். ஆக்சிஜன் வெச்சிருக்கிற ஆள்கிட்ட மூச்சை அடக்கிக்கச் சொல்றான். இவரும் சிரிச்சுக்கிட்டே அடக்கினார். எனக்கு வந்துச்சு பாரு, மைக்கைப் பிடுங்கி ஜன்னல் வழியா வீசியிருப்பேன், இவர் கையைக் காட்டி வேணாம்னுட்டார். அந்தக் குப்பைச் சத்தத்தையாவது எங்கயாவது வெச்சிருக்கியாடான்னு காரியத்துக்கு மறுநாள் கேட்டேன். அது வேலை முடிஞ்சதும் அழிச்சுட்டேன்கா, எதுக்குன்னான்.

நாலாவது பாட்டு. இதுதான் இவனுக்குப் பேரு வாங்கிக் குடுத்த பாட்டு. நடுவுல எல்லாம் நின்னு போகும், கிதார், குரல், ஒண்ணும் இருக்காது, சும்மா, அப்புறம் திரும்ப வரும். இந்தச் சும்மாவைப் பத்திதான் எல்லாரும் எழுதியிருக்கானுங்க, சமீபத்துல இசையில பதிவான மிகச் சுத்தமான மௌனம்னு ஒருத்தன். சுத்தமான. துடைச்சா சுத்தமாத்தானே இருக்கும். எனக்கு இது பதிவான நாள் தெரியும், இதே பாட்டை அன்னைக்கு முழுக்கப் பாடிக்கிட்டே இருந்தான், நான் இவர் காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டிருந்தேன், இந்த நிறுத்தம் வந்தப்ப இவருக்கு இருமல் பொத்துக்கிச்சு, தலகாணி எடுக்கறதுக்குள்ள வெடிச்சுடுச்சு. இவர் நாக்கைக் கடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் இவன் நிறுத்தாம பாடிட்டான். பரவால்ல மாமா, அப்புறமா வெட்டிக்கறேன்னு கதவைத் திறந்து சொல்லிட்டுப் போனான். இதோ வருது. நின்னுடுச்சு. நான் துண்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காதை நீட்டினேன். ஒண்ணுமில்ல. தொடைச்சுப் போட்ட எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கு. கிதார் திரும்ப வந்துடுச்சு. எழுந்து போய் விரலால திரையைப் பின்னாடி இழுத்துத் திரும்பப் போட்டேன், போன்ல கறை ஆயிடுச்சு, காதை ஒட்டி வெச்சுக் கேட்டேன், காதுலயும் சாயம். ஒண்ணுமில்ல. நல்லா வேலை செய்யறான் என் தம்பி. படிக்கிற காலத்துல இவ்வளவு சுத்தமா ஒரு கணக்குப் போட்டதில்ல.

அஞ்சாவதையும் ஆறாவதையும் வெறுப்புலதான் கேட்டேன். அஞ்சாவதுல சும்மா கத்துறான், கிதாரும் கத்துது, கசாப்புக் கடை வழியாப் போன மாதிரி இருந்துச்சு. ஆறாவது மெதுவானது. என் படுக்கையில ஒரு ஆள் அகலம் மிச்சம், அப்படின்னு ஏதோ. கல்யாணமே பண்ணிக்காத பயலுக்கு ஆள் அகலத்தைப் பத்தி என்ன தெரியும். எனக்குத் தெரியும். எனக்குப் பக்கத்துல இருக்கு, ரெட்டைக் கட்டில், அவர் பக்கத்துத் தலகாணிக்கு வாரா வாரம் உறை மாத்துறேன், யார் தலை வெக்கப் போறாங்கன்னு தெரியல. அதைப் பத்தி நான் ஆல்பம் போட்டேனா. தலை அரிக்குது, பசை காய ஆரம்பிச்சா அரிக்கும், சொறியவும் கூடாது. கண்ணை மூடிக்கிட்டேன். என் படுக்கையிலன்னு பாடுறான். அப்புறம் நிறுத்தம். அந்த நிறுத்தத்துல நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். ஏன் பிடிச்சேன். அடுத்த வரி வந்ததும் விடுறேன். திரும்ப வரி முடியுது, திரும்பப் பிடிக்கிறேன். இது எனக்குப் பழக்கம். எங்க பழக்கம். பக்கத்துல படுத்துக்கிட்டு ராத்திரி பூரா இதைத்தானே பண்ணினேன், ங்ங்ன்னு போகும், போகும், நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருப்பேன், வரணுமே, வரணுமே, புஸ் வந்துடும், நான் மூச்சை விடுவேன். கண்ணைத் திறந்துட்டேன். பாடு. இன்னொரு வரி பாடுடா. பாடினான், நிறுத்தினான், நான் வாயாலயே சொன்னேன், புஸ், டக். சரியா அந்த டக்குல அடுத்த வரி காலெடுத்து வைக்குது.

இருக்காது, எனக்குப் பைத்தியம், சாயத்துல இருக்கிற மருந்து தலைக்கு ஏறிடுச்சு. ஏழாவது பாட்டு வேகமானது, டிரம்ஸ் எல்லாம் போட்டிருக்கான், அதுல பார்ப்போம். வரிகள் சின்னச் சின்னதா ஓடுது. ரெண்டு வரி சேர்ந்தா ஒரு புஸ். தப்பல. எட்டாவது. தப்பல. முதல் பாட்டுக்கு ஓடினேன், அந்த ட்டொய்ங், நான் கேலி பண்ணினேனே, எதுக்குடா காத்திருக்கேன்னு, ட்டொய்ங், ங்ங், புஸ், டக், ட்டொய்ங். நாலாவது பாட்டோட அந்தச் சுத்தமான மௌனம்கூட அதே நீளம், ஒரு புஸ்ஸு வந்து போற நீளம், அதுக்கு மேல அரை இம்மி இல்ல. முப்பது வருஷம் டைப் அடிச்சவளுக்குக் கை இதுல ஏமாறாது. ஒரு வருஷம் அந்த மெஷினுக்குப் பக்கத்துல தின்னு தூங்கி கிதாரை நோண்டிக்கிட்டுக் கிடந்திருக்கான், இவர் மூச்சு இவனை நடத்தியிருக்கு, குழந்தையை விரல் பிடிச்சு நடத்தற மாதிரி, மடப் பயலுக்குத் தெரியவே இல்ல. சத்தத்தைத்தான் துடைச்சான். நடையைத் துடைக்க அந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியல. மூச்சு விடற மாதிரியே ஒரு தாளம், இது எங்கிருந்து வந்துச்சுன்னே புரியலைன்னு அந்தப் பம்பாய்க்காரன் எழுதியிருந்தான், அதைப் படிச்சுட்டு நான் த்தூன்னு போனை வெச்சேன். அவன் ஒருத்தனுக்குத்தான் காது இருந்திருக்கு. எனக்கு இல்ல. அழுகை வந்துடுச்சு, நிமிர்ந்து உட்கார்ந்துக்கிட்டே அழுதேன், குனிஞ்சா சாயம் கண்ணுல இறங்கிடும். எட்டு மாசத்துல இப்பதான் இவர் பக்கத்துல இருக்கிற மாதிரி இருந்துச்சு, அதுவும் இந்தப் பய பாட்டுல, எனக்கு அது இன்னும் ஆத்திரம். ஒன்பதாவது பாட்டு முடியற வரைக்கும் ஒவ்வொரு வரிக்கும் நான் புஸ் போட்டேன். பாட்டு நின்னதும் நானும் நிறுத்த வேண்டியதாப் போச்சு. சரி, ரூமைக் குடுத்தாகணும். சொன்னா சொன்னதுதான்.

போன் அடிச்சுது. அவன்தான். காதுல வைக்க முடியாதுன்னு ஸ்பீக்கர்ல போட்டேன். என்னக்கா யோசிச்சியா, சாப்பிட்டியான்னு இழுத்தான். அப்புறம் அவனாவே கொட்ட ஆரம்பிச்சான். நாலு மாசமா ஈஸிஆர் பக்கம் ஃபிரெண்டோட ஸ்டுடியோவுல உட்கார்ந்திருக்கானாம், சுவர் பூரா ஸ்பாஞ்சு, ஏசி, ஊசி விழுந்தா கேட்கும், ஆனா ஒரு பாட்டுகூட நிக்க மாட்டேங்குதாம், ஒண்ணு ஓடுதாம், இல்லேன்னா விழுந்துடுதாம், எங்க நிறுத்தணும்னே கைக்குத் தெரியலையாம். தூங்கி நாளாச்சுன்னான். குரல் உடைஞ்சு போயிருந்துச்சு, நடிப்பு இல்ல, எனக்கு அவன் நடிப்பு தெரியும். ஆனா அதோட விட்டானா.

"அந்த ரூம்ல என்னமோ இருக்குக்கா. அங்க உட்கார்ந்தா கை தானாப் போகும். இப்ப இன்னும் வசதி, வீடு அமைதியாயிடுச்சு, துடைக்கிற வேலையே இருக்காது."

கழுத்துல இன்னொரு சொட்டு இறங்கிச்சு, துடைச்சுக்கிட்டேன். திட்டணும்னு வாய் வரைக்கும் வந்ததை எல்லாம் ஒண்ணொண்ணாப் பார்த்தேன், எதுவும் இவனுக்குப் போதுமானதா இல்ல. அப்புறம் நிதானமாத்தான் சொன்னேன், கோர்ட்டுல சாட்சி சொன்னதைத் திரும்பப் படிச்சுக் காட்டற மாதிரி.

"ரூமைக் குடுக்கறேன், நாளைக்கே வா, சிவப்புத் துண்டையும் கொண்டுவா. ஆனா நீ சொல்றது அந்த ரூம்ல இல்லடா ஏகாம்பரம். பக்கத்து ரூம்ல இருந்துச்சு. நாலு பேராத் தூக்கிட்டுப் போனீங்களே, நீ முன்பக்கம் தோள் குடுத்தியே, அதுதான்."